நாற்பத்து மூன்று படிவங்கள், ஒரு கட்டு

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய நாள் ஒரு புதன்கிழமை. நகரப் போக்குவரத்துத் துறை தன் புதிய திட்டத்தைப் பற்றிப் பொதுமக்களின் கருத்துப் படிவங்களை வாங்கிக்கொள்ளக் கடைசி நாளும் அதுதான். இரண்டும் ஒரே நாளில் விழுந்தது தற்செயல். ஆனால் அத்தையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தப் புதன்கிழமையிலிருந்துதான் எனக்கு எழுத வருகிறது.

காலை பத்தே காலுக்கு என் வண்டி. வெளியூர்ப் பேருந்து நிலையத்தின் நான்காவது மேடையில், பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். வழியனுப்ப வந்தவள் அத்தை மட்டும்தான். அரை நாள் விடுப்பு போட்டிருந்தாள். அது பாதி எனக்காக, பாதி அவள் கையில் இருந்த கட்டுக்காக. கைக்குழந்தையை ஏந்துவதுபோல அதை மார்போடு அணைத்து வைத்திருந்தாள். நாற்பத்து மூன்று படிவங்கள். ஓரத்தில் நீலக்கோடு போட்ட பழைய படுக்கை விரிப்பிலிருந்து கிழித்த துணியால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேலே ஒரு மஞ்சள் சீட்டைக் குத்தியிருந்தாள்.

அந்த மஞ்சள் சீட்டுக்குத் தொடர்புச் சீட்டு என்று பெயர். ஒவ்வொரு படிவத்தோடும் ஒன்று கொடுத்திருந்தார்கள். பெயர், முகவரி, மின்னஞ்சல் என்று மூன்று கட்டங்கள். அத்தை முதல் இரண்டையும் நிரப்பி, ஓரத்தில் 'எண்ணிக்கை: 43' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"மெயில்னு ஒரு கட்டம் இருக்கு. எனக்கு ஏது அதெல்லாம். உன்னோடதைப் போடு."

"வீட்டு முகவரியே போதுமே அத்தை."

"கட்டத்தைக் காலியா விட்டா சீட்டு செல்லாது. எந்த ஆபீஸ்லயும் அதுதான்."

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு சீட்டு வைக்க வேண்டாமா?"

"எதுக்கு? ஒரு கட்டுக்கு ஒரு சீட்டு. தனித்தனியா கொடுத்தா நாலு மேசைக்கு நாலா பிரிஞ்சு போயிடும். கட்டா இருந்தா தொலையாது. ஒரு கை தட்டினா ஓசை வருமாடி?"

என் கண் மேடை எண்ணின் மேல் இருந்தது. என்னிடம் இரண்டு மின்னஞ்சல் முகவரிகள் உண்டு. புதியது பத்துப் பேருக்கு மட்டும் தெரியும். பழையது கல்லூரி நாளில் தொடங்கியது. கடைகளும் கம்பெனிகளும் கேட்டால் அதைக் கொடுத்துவிடுவேன், திறந்தே பார்க்க மாட்டேன். அத்தையின் பேனாவை வாங்கி, முழங்காலில் கட்டை வைத்து, பழையதை எழுதினேன். அரை நொடிகூட யோசித்ததாக நினைவில்லை.

"கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவ," என்றாள் அத்தை. என்னைக் காத்தாடி என்றுதான் கூப்பிடுவாள். "போயிட்டு வா காத்தாடி. வரும்போது சாமான் எதுவும் வாங்கிட்டு வராதே. சொல்றதுக்கு ஏதாவது கொண்டு வா."

வண்டி நகர்ந்தபோது அவள் கையசைக்கவில்லை. இரண்டு கையிலும் கட்டு இருந்தது. தலையை மட்டும் ஒருமுறை ஆட்டிவிட்டு, போக்குவரத்து அலுவலகம் இருக்கும் பக்கமாகத் திரும்பி நடந்தாள். முழங்கால் வலியால் இடது காலைக் கொஞ்சம் விலக்கி வைத்து நடப்பாள். திருப்பம்வரை அந்த நடை தெரிந்தது.

அத்தை என் அப்பாவின் அக்கா. இருபத்தொரு வயதில் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மூன்று மாதத் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தாள். அந்த மூன்று மாதம் முடியவே இல்லை. நான் கிளம்பியபோது முப்பத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

சலவைக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. சின்ன வயதில் என்னை இரண்டு மூன்று முறை அழைத்துப் போயிருக்கிறாள். வீட்டு அறை அளவுக்கு மூன்று துவைக்கும் இயந்திரங்கள். நடுவில் இருப்பது சுற்றும்போது தரையே அதிரும், அதற்கு யானை என்று பெயர். துவைத்து உலர்ந்த விரிப்புகளைச் சூடான உருளைக்கு நடுவில் விட்டால் மறுபக்கம் தட்டையாக வரும். அங்கே இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். முனையைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, முனைகளைச் சேர்த்து, மறுபடி பின்னால் போக வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு தடவை இந்த நடை. அத்தைக்கு எதிரே பதினெட்டு வருடமாக நின்றவளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் மூடாது. "என் வீட்டுக்காரர் முகத்தைவிட இவ முகத்தைத்தான் அதிகமா பார்த்திருக்கேன். அவர் வாய்க்காவது வால்யூமைக் குறைக்கலாம், இவ வாய்க்கு முடியாது," என்பாள் அத்தை.

மடித்ததைப் பத்துப் பத்தாக அடுக்கி, கிழிந்த விரிப்பின் துண்டால் கட்டி, வார்டு எண்ணும் எண்ணிக்கையும் எழுதிய சீட்டைக் குத்துவார்கள். சீட்டு இல்லாத கட்டை யாரும் தொட மாட்டார்கள். சீட்டு இருக்கும் கட்டை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். அவிழ்த்து எண்ணினால், கட்டியவளைத் திருடி என்று சொன்னதற்குச் சமம். பத்து என்று எழுதியிருந்தால் பத்துதான். முப்பத்து மூன்று வருடத்தில் அத்தை கட்டிய ஒரு கட்டைக்கூட யாரும் அவிழ்த்து எண்ணியதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அவளுக்கு இருந்த ஒரே தற்பெருமை அதுதான்.

மாமா பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். வேனில் விழுந்து கை ஒடிந்த ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது அவர் சட்டையெல்லாம் ரத்தம். யாரோ இரக்கப்பட்டு அந்தச் சட்டையை அடித்தளத்துக்கு அனுப்பினார்கள். "படுக்கை விரிப்பு மாதிரி எட்டா மடிச்சு, கட்டி, சீட்டும் குத்தி அனுப்பியிருந்தா. அதைப் பிரிக்கறதுக்கே எனக்கு ரெண்டு நாளாச்சு. பிரிச்சதும் கல்யாணம் கேட்டுப் போயிட்டேன்," என்று மாமா சொல்வார். பிள்ளைகள் இல்லை. வேன் நிறையப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருபவருக்கு வீட்டில் அமைதி வேண்டியிருந்தது என்று அத்தை அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

ஐம்பத்தெட்டாம் வயதில், வேனைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில், மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போனது. பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல். எதைக் கேட்டாலும் 'சரி' என்பார். பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி.

"இருபத்தாறு வருஷத்துல இவர் வாயில ஒரு தடவைகூட வராத வார்த்தை. இப்ப அது மட்டும்தான் வருது," என்றாள் அத்தை. சொல்லிவிட்டுச் சிரித்தாள். பக்கத்தில் மாமா, "சரி," என்றார். இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் போய்ப் பின்கட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

அவரைத் தனியே வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருந்த பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. இல்லத்துக்குக் கட்ட வேண்டியது அத்தையின் சம்பளத்திலிருந்துதான் போனது. வேலையை விட்டால் இல்லமும் போகும். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது.

மாமாவுக்குத் தொண்டை சரியாக வேலை செய்யவில்லை. மசித்த சாப்பாட்டைக் கால் கரண்டி வாயில் வைத்து, முகவாயைக் கீழே தாழ்த்தி, அத்தை இரண்டு விரலை அவர் தொண்டையில் வைத்துக் காத்திருப்பாள். உள்ளே இறங்கியது விரலுக்குத் தெரிந்த பிறகுதான் அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒரு வேளைக்கு முப்பத்தைந்து நிமிடம். இல்லத்தில் ஒரு பணிப்பெண்ணுக்குக் காலையில் பன்னிரண்டு பேர். "அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. பன்னெண்டு வாய்க்கு ரெண்டு கை," என்பாள். அதனால் காலையும் மாலையும் அவளே ஊட்டினாள். மதியம் மட்டும் மற்றவர்கள்.

இது நடந்ததெல்லாம் பதினேழாம் எண் பேருந்தால்தான். காலை ஐந்து பத்துக்கு முதல் வண்டி. பெரிய சாலையில் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது, பெயின்ட் கடை முனையில் இடது பக்கம் திரும்பி, குளிர்பதனக் கிடங்கு, பராமரிப்பு இல்லம் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி பெரிய சாலைக்கு வரும். ஐந்து நாற்பதுக்கு அத்தை இல்லத்து வாசலில் இறங்குவாள். ஊட்டி முடித்து, வாய் துடைத்து, ஆறு இருபத்தைந்து வண்டியைப் பிடித்தால் ஏழு மணிக்குள் சலவைக்கூடம். ஏழுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஐந்து பத்து வண்டியின் ஓட்டுநரைக் கேப்டன் என்பார்கள். "அக்கா, உங்களுக்காகத்தான் இந்த வண்டியே வளையுது," என்பார்.

"வண்டி வளையட்டும். நீ நிமிர்ந்து உட்காரு. முதுகு போயிடும்," என்பாள் அத்தை.

அந்த வளைவைத்தான் எடுத்துவிடப் போகிறார்கள் என்று ஒரு நாள் வண்டிக்குள் சுவரொட்டி ஒட்டினார்கள். நேர்வழித் திட்டம். சுற்றிப் போகும் தடங்களை எல்லாம் நேராக்கப் போகிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட மண்டபத்தில். அப்போது நான் ஒரு வேலையை விட்டுவிட்டு, பயணத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அத்தையோடு போனேன்.

சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகள். முழங்கால் தாடையில் இடிக்க எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். இளவயது பொறியாளர் ஒருவர் திரையில் வரைபடம் காட்டினார். நல்லவராகத்தான் தெரிந்தார், எல்லாரையும் அம்மா, ஐயா என்று பேசினார். எங்கள் வளைவு சிவப்புப் புள்ளிகளாக இருந்தது. அதை எடுத்துவிட்டால் இரண்டாயிரம் பயணிகளுக்குத் தலைக்கு ஒன்பது நிமிடம் மிச்சம் என்றார்.

அத்தை எழுந்தாள். எழுவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

"தம்பி, அந்த ஒன்பது நிமிஷத்தை வச்சு அவங்க என்ன பண்ணுவாங்க?"

சிலர் சிரித்தார்கள். "அது அவங்கவங்க விருப்பம்மா," என்றார் பொறியாளர்.

"நல்லதுதான். எனக்கும் நேரத்தோட அருமை தெரியும். என் வீட்டுக்காரர் ஒரு வாய் முழுங்க ஒரு நிமிஷம் ஆகும். ஒன்பது நிமிஷம்னா ஒன்பது வாய். முனையில இறக்கிவிட்டீங்கன்னா எனக்கு அரை மணி நடை. முப்பது வாய் போச்சு. அவர் சாப்பிடறதே முப்பத்தஞ்சு வாய்தான்."

யாரும் சிரிக்கவில்லை. பொறியாளர் கையில் இருந்த கோலைக் கீழே வைத்தார்.

"அம்மா, இதை நீங்க எழுதிக் கொடுங்க. நீங்க மட்டும் இல்ல, அந்தச் சுத்துல போறவங்க முப்பது பேர் எழுதிக் கொடுத்தா, அந்தப் பகுதியை நாங்க மறுபடி ஆய்வு செஞ்சே ஆகணும். அதுவரைக்கும் வண்டியை நிறுத்த முடியாது. இது விதி. என்னாலகூட மாத்த முடியாது."

"முப்பது போதுமா?"

"முப்பது போதும்."

திரும்பி வரும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "முப்பது என்னடி முப்பது. நம்ம வண்டியில நாப்பது தலைக்குக் குறையாது."

அடுத்த இரண்டு வாரம் ஐந்து பத்து வண்டி ஓர் அலுவலகம்போல ஆகிவிட்டது. அத்தை படிவங்களையும் ஆறு பேனாக்களையும் பையில் வைத்திருந்தாள். கேப்டன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்தினார், எழுத்து குலுங்காமல் இருக்க. அப்படியும் பாதிக் கையெழுத்துகள் அலை அலையாகத்தான் இருந்தன. கிடங்கில் பெட்டி தூக்குபவர் ஒருவர் நான்கே வரி எழுதினார்: 'வண்டி இல்லை என்றால் நடப்பேன். நடந்தால் நேரமாகும். நேரமானால் வேலை போகும். யோசித்துச் செய்யவும்.' காவலாளி ஒருவர் எழுதாமல் படம் வரைந்தார். ரேடியோவின் வீடு பெரிய சாலையில்தான், அவளுக்கு வளைவே தேவையில்லை. இருந்தாலும் சலவைக்கூடத்தில் உட்கார்ந்து முன்னும் பின்னும் எழுதி, இன்னும் தாள் கேட்டாள்.

"பேசற மாதிரியே எழுதறியே, நிறுத்து," என்றாள் அத்தை.

"உன் வீட்டுக்காரரைப் பத்தி இன்னும் ஆரம்பிக்கவே இல்லடி."

கேப்டன் போக்குவரத்துத் துறையின் ஊழியர், அதனால் அவர் எழுதக் கூடாது. "நான்தான் எழுதக் கூடாது. என் பொண்டாட்டி எழுதலாமில்ல?" என்று ஒரு படிவத்தை வாங்கிப் போய், மறுநாள் மடிப்பு கலையாமல் கொண்டுவந்து கொடுத்தார்.

கடைசிப் படிவம் மாமாவுடையது. ஊட்டி முடித்துவிட்டு, "உங்க பேர்லயும் ஒண்ணு எழுதட்டுமா?" என்று கேட்டாள்.

"சரி," என்றார் மாமா. இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து, அவளே பிடித்து ஒற்றினாள். அது நாற்பத்து மூன்றாவது.

மறுநாள்தான் அந்தப் புதன்கிழமை.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் கூட இருந்து பார்க்கவில்லை. தொலைபேசியில் கொஞ்சம், திரும்பி வந்தபின் ரேடியோவும் கேப்டனும் சொன்னது மிச்சம்.

மூன்று மாதம் கழித்து ஆறு இருபத்தைந்து வண்டியில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், முடிவுகளின் பட்டியலை ஒட்டினார்கள். ரேடியோதான் சத்தமாகப் படித்தாள். பதினேழாம் எண், மேற்குச் சுற்று. பெறப்பட்ட கருத்துகள்: ஒன்று. மறு ஆய்வு தேவையில்லை.

"சரியாப் பாரு. முன்னாடி ஏதாவது எண் அழிஞ்சிருக்கும்," என்றாள் அத்தை.

"அழியலடி. எழுத்துலயே போட்டிருக்கான். ஒன்று."

அத்தை விடுப்பு போட்டுவிட்டுப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனாள். ரேடியோவும் கூடப் போனாள். இரண்டு மணி நேரம் வரிசை. ஒரு தொடர்புச் சீட்டு என்றால் ஒரு கருத்து, அதுதான் விதி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் என்னோடு பேசியபோது இதை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். நான் ஏதோ ஒரு துறைமுகத்தில் இருந்தேன், காற்று இரைச்சல். கோபத்தோடு ஏதோ கேட்டேன். "விடு. கிணத்துல போட்ட கல்லு. நீ சாப்பிட்டியா?" என்றாள்.

மாதத்தின் கடைசி நாளன்று பதினேழாம் எண் பேருந்து கடைசியாக வளைந்தது. கேப்டன் மிக மெதுவாக ஓட்டினார். ஒன்பது நிமிடச் சுற்றுக்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று, ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள், பெயின்ட் கடை நெருங்கியதும் அத்தை பழக்கத்தில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள், திருப்பத்தில் சாயாமல் இருக்க. வண்டி நேராகப் போனது. அடுத்த நிறுத்தம்வரை அவள் அப்படியே நின்றாள் என்று கேப்டன் சொன்னார். கண்ணாடியில் பார்த்தாராம். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தாராம்.

பதினோரு நாள் அத்தை முனையில் இறங்கி நடந்தாள். நடைபாதை இல்லாத சாலை, கிடங்கு லாரிகள். அரை மணி நடந்து போய், ஊட்டி, அரை மணி நடந்து வந்தால், ஏழரைக்குக் குறைந்து சலவைக்கூடத்துக்கு வர முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டு, வாய்மொழியாகச் சொல்வது இதுதான் கடைசி என்றார். அன்றிலிருந்து காலை வேளையை இல்லத்துப் பெண்களிடம் விட்டாள். மாலையில் மட்டும் நடந்தாள்.

மாமா இளைக்கத் தொடங்கினார். பிறகு இருமல் வந்தது. ஐந்தாவது மாதம் சளி நுரையீரலுக்குள் இறங்கி, அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். இரண்டாம் மாடி, ஒன்பதாம் வார்டு. அத்தை வேலை செய்யும் இடத்துக்கு நேர் மேலே. கட்டிலில் விரித்திருந்ததைப் பார்த்ததும், "இது நான் மடிச்சது," என்றாளாம். மடிப்பின் விளிம்பு அவளுக்குத் தெரியும்.

ஏழு நாள் இருந்தார். அந்த ஏழு நாளும் வேலைக்கு முன்னாலும் பின்னாலும் அவர் பக்கத்தில் இருக்க அவளுக்கு எந்த வண்டியும் தேவைப்படவில்லை. மூன்று மாடிப்படி, அவ்வளவுதான். ஆனால் அப்போது அவர் எதையும் விழுங்கும் நிலையில் இல்லை.

எட்டாம் நாள் காலை, "கீழ போயிட்டு மூணு மணிக்கு வரட்டுமா?" என்று கேட்டாள்.

"சரி," என்றார்.

பதினோரு மணிக்குப் போய்விட்டார். தகவல் கீழே வந்தபோது யானை ஓடிக்கொண்டிருந்தது. சொன்னது அவள் காதில் விழவில்லை. எதிரே நின்ற ரேடியோ, விரிப்பின் முனையை விடாமல், அத்தையை நோக்கி நடந்து வந்து, முனைகளைச் சேர்த்து, அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, பிறகுதான் சொன்னாளாம். மதியம் ஒன்பதாம் வார்டிலிருந்து அழுக்குத் துணி மூட்டை வந்தபோது அதை யாரையும் தொட விடாமல் தானே துவைத்தாள். இதை ரேடியோ என்னிடம் சொல்லவில்லை, அத்தை சொன்னாள்.

எனக்கு ஆறு நாள் கழித்துத்தான் தெரியும். வருகிறேன் என்றேன். "வந்து என்ன பண்ணப் போற? இருக்கிற இடத்துல இரு. யாராவது ஒருத்தராவது போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும்," என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. அப்படியேதான் நினைத்தாள்.

நான் திரும்பி வந்தது மூன்று வருடம் கழித்து. அத்தைக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள் இருந்தன. வீட்டிலிருந்த மாமாவின் கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தாள். அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. சமையல் மேடைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மஞ்சள் தாள்கள் தொங்கின. மிச்சமிருந்த தொடர்புச் சீட்டுகள். பின்பக்கத்தில் 'சோப்பு', 'பல்பு', 'முழங்கால் தைலம்' என்று எழுதி வைத்திருந்தாள்.

"நல்ல காகிதம். நாப்பத்திரண்டு இருந்துச்சு. வீணாக்குவானேன்," என்றாள். பிறகு, "சொல்றதுக்கு என்ன கொண்டு வந்த?" என்று கேட்டாள்.

எங்கே கை காட்டினாலும் பேருந்து நிற்கும் ஓர் ஊரைப் பற்றிச் சொன்னேன். நிறுத்தமே கிடையாது. கோழிக்கூடோடு ஏறுவார்கள், வீட்டு வாசலில் இறங்குவார்கள்.

"அந்த ஊர்ல யாரும் படிவம் எழுத வேண்டாம்," என்றாள் அத்தை. பிறகு, "வண்டி நேரத்துக்குப் போய்ச் சேராதே?" என்று கேட்டாள்.

"சேராது."

"ம்."

மறுநாள் அவளோடு ஐந்து பத்து வண்டியில் போனேன். ஏழு மணி வேலைக்கு ஐந்து பத்து தேவையே இல்லை. ஆனாலும் அதில்தான் போகிறாள். முன்னதாகவே போய், சலவைக்கூடத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பெயின்ட் கடை முனையில் அவள் எழவில்லை. கை மட்டும் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தது.

ரேடியோ வாசலுக்கு வந்ததும் அத்தை உடை மாற்ற உள்ளே போனாள். ரேடியோ என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கறுத்துப்போய்விட்டேன் என்றாள், மெலிந்துவிட்டேன் என்றாள், கல்யாணம் எப்போது என்றாள். பிறகு பேச்சு அந்தப் படிவங்கள் பக்கம் திரும்பியது.

"அன்னிக்கு அந்தக் கவுன்டர்ல இருந்த ஆள் என்னமா அளந்தான் தெரியுமா. கட்டா வந்த எல்லாத்துக்கும் மெயில்ல கேட்டு அனுப்பினோம், உங்களுக்கும் அனுப்பியிருப்போம், நீங்கதான் பதில் போடலன்னான்."

"அத்தை என்ன சொன்னா?"

"அவளா? வரவே இல்லன்னு அடிச்சுச் சொன்னா. என் மருமக மெயில் அது, வந்திருந்தா அவ பார்க்காம இருப்பாளான்னு கேட்டா. அந்த ஆள் தலையைக் குனிஞ்சுக்கிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். நல்லா வேணும். ஏன், உன்கிட்ட இதைச் சொல்லலையா?"

"இல்ல."

"அதான் அவ," என்று சொல்லிவிட்டு ரேடியோ உள்ளே போனாள். யானை ஓடத் தொடங்கியது. வெளியே பெஞ்சுவரை அதிர்ந்தது.

வீட்டுக்கு வந்து, பழைய முகவரியின் கடவுச்சொல்லை மீட்கவே மதியம் ஆகிவிட்டது. திறக்காத மின்னஞ்சல்கள் எட்டாயிரத்துக்கு மேல் இருந்தன, செருப்புக் கடை, கடன் அட்டை, பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் கம்பெனிகள். தொடர்புச் சீட்டு என்று போட்டுத் தேடினேன். நான் கிளம்பிய புதன்கிழமையிலிருந்து பத்தொன்பதாம் நாள் வந்திருந்தது.

இதை எழுதும்போது அத்தை சமையலறையில் இருக்கிறாள். மஞ்சள் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள், என்னைக் கடைக்கு அனுப்ப. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. வந்திருந்தது இதுதான்:

'வணக்கம். தங்கள் தொடர்புச் சீட்டு எண் 2206 பெறப்பட்டது. சீட்டில் எண்ணிக்கை 43 என்று குறிக்கப்பட்டுள்ளது. விதிப்படி ஒரு சீட்டு ஒரு கருத்தாகவே பதிவாகும். இவை நாற்பத்து மூன்று தனி நபர்களின் கருத்துகள் எனில், இந்த மின்னஞ்சலுக்கு "ஆம்" என்று மட்டும் பதில் அனுப்பினால் போதும். அவ்வாறே கணக்கில் கொள்ளப்படும். பத்து நாட்களுக்குள் பதில் இல்லையெனில் ஒன்றாகப் பதிவு செய்யப்படும். தங்கள் பதில் வரும்வரை கட்டு அவிழ்க்கப்படாமல் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும்.'